சுவாமியார் ஏசின வீடு

யாழ்ப்பாணத்துத் துறவி யோகர் சுவாமிகள் 1964 பங்குனியில் சமாதியடைந்த பிறகு பிறந்தவன் நான். ஆனாலும் சின்ன வயதில், அவர் பக்கத்து ஒழுங்கையில்தான் இருக்கிறார், எந்நேரமும் எங்கள் படலையைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவார் என்றே நம்பியிருந்தேன். அம்மம்மாவின் கதைகளில் அவர் அப்படித்தான் வந்து போய்க்கொண்டிருந்தார்.

அந்தக் கதைகளில் அற்புதம் எதுவும் கிடையாது. நோய் மாறியது, காசு வந்தது என்று அம்மம்மா ஒருநாளும் சொன்னதில்லை. கலியாணம் முடித்த புதிதில் தட்டு நிறையக் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தோடு கொழும்புத்துறைக் கொட்டிலுக்குப் போயிருக்கிறார். வாசலில் கால் வைக்க முதலே சுவாமியார் ஏசித் துரத்திவிட்டார். இதைச் சொல்லும்போது அம்மம்மாவின் முகத்தைப் பார்க்கவேண்டும்! மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளின் சோதனைப் பெறுபேற்றைச் சொல்லும்போதுகூட அவ்வளவு பெருமை இராது. எங்கள் ஊரில் சுவாமியாரிடம் ஏச்சு வாங்கின குடும்பம் என்றால் அதற்குத் தனி மரியாதை. மகாதேசாதிபதி சோல்பரி பிரபுவின் மகனே அவருக்கு அடியாராகி, சந்தசுவாமி என்ற பெயரோடு வாழ்ந்தார். அந்தக் கொட்டிலின் வாசலில் பதவியும் பணமும் செல்லாது. அதனால்தான் யாழ்ப்பாணம் அவரிடம் அப்படிப் போய் விழுந்தது என்று இன்றும் நினைக்கிறேன்.

அம்மம்மாவின் தகரப்பெட்டியில் பழைய ‘சிவதொண்டன்’ இதழ்கள் இருந்தன. 1935இல் தொடங்கிய இதழ். அவருக்குக் கண் மங்கிய பிறகு, பின்னேரங்களில் நான்தான் எழுத்துக்கூட்டி வாசிப்பேன். சுவாமியாரின் நற்சிந்தனைப் பாடல் வந்தால் என்னை நிறுத்திவிட்டு மிச்சத்தை அவரே பாடி முடிப்பார். எனக்கு அந்தப் பாடல்கள் ஏட்டில் பார்க்க முதலே காதில் ஏறிவிட்டன.

பங்குனி ஆயிலியத்தில் சுவாமியாரின் குருபூசை. விடியவே குளித்து, கற்பூரமும் பூவும் எடுத்துக்கொண்டு கொழும்புத்துறைக்குப் போவோம். அங்கே வணங்குவது திருவடியை. எனக்கு அது பிடிபடவில்லை.

“அம்மம்மா, சுவாமியார்ர சிலை எங்கை?”

“கால் காணும் மோனை, கும்பிடு.”

வண்ணார்பண்ணைச் சிவதொண்டன் நிலையத்துக்குக் கூட்டிப்போகும் நாளில் மட்டும் எனக்குப் பயம். அங்கே தியான மண்டபத்தில் மூச்சுச் சத்தமும் பெரிதாகக் கேட்கும். தும்மல் வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு அம்மம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைப்பேன்.

நல்லூர்த் தேரடிதான் எனக்கு விருப்பமான இடம். சுவாமியாரின் குரு செல்லப்பர் அங்கேதான் திரிந்தார். ஊர் அவரை விசரன் என்றது. கிளிநொச்சியில் நீர்ப்பாசனத் திணைக்களக் களஞ்சியத்தில் வேலை பார்த்த சதாசிவன் என்ற இளைஞர் அந்தப் பக்கம் வந்தபோது, நீ யாரடா என்று செல்லப்பர் அதட்டினாராம். அந்த அதட்டலில் அகப்பட்டவர்தான் பிறகு வேலையை விட்டு, யோகர் சுவாமியானார். ஏச்சு அந்தப் பரம்பரையின் தீட்சை என்று எனக்கு விளங்கியது அந்தத் தேரடியில்தான்.

ஒருநாள் அங்கே நின்று கேட்டேன்.

“செல்லப்பரும் உங்களை ஏசினவரோ?”

“அவர் 1915இலேயே போயிட்டார். நான் அப்ப பிறக்கவேயில்லை,” என்றார் அம்மம்மா. “எனக்குக் குடுத்துவைக்கேல்லை, மோனை.”