ஜோடிக் கணக்கும் இரண்டடித் தொட்டியும்

சென்னை கொளத்தூரில் கலர் மீனுக்கு ஜோடிக் கணக்கில்தான் விலை சொல்வார்கள். கப்பி ஜோடி இவ்வளவு, மோலி ஜோடி இவ்வளவு. வாங்க வருகிறவர்களும் அதே கணக்கில் யோசிக்கிறார்கள். "அண்ணா, அதுல ரெண்டு, இதுல ரெண்டு, அந்தக் கோடு போட்டது ரெண்டு." காற்றடைத்து ரப்பர் பேண்டு போட்ட கவர்களோடு கிளம்பும்போது ஏழெட்டு வகை சேர்ந்துவிடுகிறது. சின்னத் தொட்டியில் மீன்கள் நிம்மதியில்லாமல் கிடப்பதற்கு இந்தக் கணக்குதான் முதல் காரணம் என்று நினைக்கிறேன். வகை குறைய வேண்டும், வகைக்குள் எண்ணிக்கை கூட வேண்டும்.

*

டைகர் பார்பை எல்லாரும் திட்டுகிறார்கள், கப்பியின் வாலைக் கடித்துவிட்டது என்று. இரண்டே இரண்டு வாங்கி விட்டால் கடிக்கத்தான் செய்யும். அது கூட்டத்தில் வாழும் மீன். யார் பெரியவன் என்று தங்களுக்குள் துரத்தி விளையாடி வரிசை பிடித்துக்கொள்வது அதன் இயல்பு. எட்டுப் பத்து இருந்தால் அந்தத் துரத்தல் பெரும்பாலும் கூட்டத்துக்குள்ளேயே முடிந்துவிடும். துணைக்கு ஒன்றே ஒன்று இருந்தால் பக்கத்தில் போகிறவன் வால்தான் மிச்சம். எட்டு இருந்தாலும் நீண்ட துடுப்புள்ள, மெதுவாக நீந்தும் மீன்களோடு இதைச் சேர்க்க மாட்டேன்.

வரிக்குதிரைக் கோடு போட்ட ஜீப்ரா டேனியோவும் அப்படித்தான். இரண்டு மட்டும் இருந்தால் ஒன்று மற்றொன்றை ஓயாமல் விரட்டும். ஓடுகிறவனுக்குத் தப்பிக்க இடமில்லை. நியான் டெட்ராவைத் தனியாக விட்டால் சண்டை இல்லை, ஆனால் நிறம் வெளுத்துச் செடிக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். கடையில் நூறோடு நூறாக மின்னியதைப் பார்த்துத்தானே வாங்கினோம்? அந்த மின்னலுக்குக் கூட்டமும் ஒரு காரணம். ஆறுக்குக் கீழே வாங்கவே கூடாது. எட்டோ பத்தோ நல்லது.

*

மீனுக்கு முன்னால் தண்ணீர். நம் வீட்டுக் குழாயில் என்ன வருகிறதோ அதில் பிழைக்கிற மீனைத் தேடுவது எளிது. மீனைப் பிடித்துவிட்டு அதற்கேற்ற தண்ணீரைத் தயாரிப்பது வாராவாரம் செய்ய வேண்டிய வேலை.

சென்னையில் பல தெருக்களில் போர் தண்ணீர்தான். கடினத் தண்ணீர், பாத்திரத்தில் வெள்ளை படியும். கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் எல்லாம் இதை விரும்பும். நியானும் கார்டினல் டெட்ராவும் அமேசான் பக்கத்து மென்மையான, சற்றே அமிலத்தன்மை உள்ள நீரின் பிள்ளைகள். நியானுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அது 20 முதல் 26 டிகிரிக்குள் இருக்க ஆசைப்படும் மீன். மே மாதம் ஏ.சி. இல்லாத அறையில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். டெட்ராதான் வேண்டும் என்றால் கார்டினலைப் பார்க்கலாம், ரியோ நெக்ரோவிலிருந்து வந்த அது சூட்டை இன்னும் கொஞ்சம் தாங்கும்.

மெட்ரோ தண்ணீராக இருந்தால் குளோரின் போகவேண்டும். பக்கெட்டில் பிடித்து ஏரேட்டர் போட்டு ஒரு நாள் வைக்கலாம், அல்லது கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டு. ஆர்.ஓ. தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. அதில் உப்புகள் மிகக் குறைவு, தண்ணீரின் அமிலத்தன்மை நிலையில்லாமல் ஆடும்.

சூடு ஏறினால் ஆக்சிஜன் இறங்கும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். அதனால் சென்னைத் தொட்டிக்கு மீன் எண்ணும்போது குளிர் ஊர்க்காரர்கள் சொல்லும் எண்ணிக்கையில் கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது. கோடையில் மூடிக்குப் பதில் வலை போட்டு, மின்விசிறிக் காற்று தண்ணீரின் மேல் படும்படி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகிக் குறையும் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

*

24க்கு 12க்கு 12 அங்குலத் தொட்டியில் விளிம்புவரை ஊற்றினால் 56 லிட்டர். மணல், கல், மேலே விடும் இடைவெளி போக 45 லிட்டர்தான் மீனுக்கு.

ஒரு கேலனுக்கு ஓர் அங்குல மீன் என்று ஒரு பழைய கணக்கு இன்னும் உலவுகிறது. ஓரங்குல மீன் பத்தும், பத்தங்குல மீன் ஒன்றும் சமம் என்கிறது அந்தக் கணக்கு. நீளம் பத்து மடங்கானால் அகலமும் உயரமும் சேர்ந்து வளர்ந்து எடை ஏறக்குறைய ஆயிரம் மடங்காகும். தின்பதும் கழிவதும் உடம்புக்குத் தக்கபடிதான். ஒன்றரை, இரண்டு அங்குலத்தோடு வளர்ச்சி நின்றுவிடும் மீன்களுக்கு மட்டும் அந்தக் கணக்கு ஏதோ ஒரு வழி காட்டும்.

*

கடையில் பார்ப்பது குஞ்சு. முழு வளர்ச்சி என்ன என்று கேட்காமல் எதையும் வாங்கக் கூடாது.

சில்வர் ஷார்க் ஓரடியைத் தாண்டும். கறுப்பிலும் வெள்ளையிலும் 'ஷார்க்' என்று விற்கிறார்களே, அது பங்கேசியஸ் கெளுத்தி. ஹோட்டலில் பாசா என்று துண்டு போட்டு வருவதும் அதே மீன்தான், ஒரு மீட்டருக்கு மேல் வளரும். ஏஞ்சல் அரையடி, அதைவிட உயரம் கூடுதல். வளர்ந்த ஏஞ்சலுக்கு நியான் ஒரு வாய் உணவு. கோல்டு ஃபிஷ்ஷுக்கு இரண்டடித் தொட்டி போதவே போதாது.

சக்கர் மீனைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். "இதைப் போட்டா கண்ணாடி கழுவவே வேணாம் சார்" என்று சொல்லி விரல் நீளத்தில் கொடுப்பார்கள். ஓரடிக்கு மேல் வளரும், தின்பதற்கு ஏற்பக் கழியும், பாசியைவிட அதன் கழிவு பெரிய வேலையாகிவிடும். வளர்ந்தபின் மனசு கேட்காமல் ஏரியில் கொண்டுபோய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். கவசம் போட்ட உடம்பு, முள் துடுப்பு, காற்றை விழுங்கிச் சமாளிக்கும் திறமை. நம் நீர்நிலைகளில் அதைத் தின்ன ஆளில்லை. மதுரை வண்டியூர் கண்மாய்வரை அது குடியேறிவிட்டது. மீனவர் வலையையும் கிழிக்கிறது. வளர்க்க முடியாத மீனைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்கலாம், தெரிந்தவரின் பெரிய தொட்டிக்குக் கொடுக்கலாம். ஏரியில், ஆற்றில் விடவே கூடாது. கண்ணாடிப் பாசியை ஸ்பான்ஜால் வாரம் ஒருமுறை துடைத்தால் போயிற்று.

*

கப்பி: ஆண் மட்டும். ஆணும் பெண்ணும் கலந்தால் மாதம் ஒரு பிரசவம், சீக்கிரமே தொட்டி நிரம்பிவிடும். பெண் மட்டும் வாங்கினாலும் தப்ப முடியாது. ஒருமுறை சேர்ந்த உயிரணுவைப் பல மாதம் உடம்பில் சேமித்துவைத்துக் குட்டி போடும்.

ஃபைட்டர்: தனித் தொட்டி. கப்பியின் வாலைப் பார்த்தால் அதற்கு இன்னொரு ஃபைட்டர் நிற்பதுபோலத் தோன்றும்.

மிஸ் கேரளா: மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளின் அழகி, அழியும் ஆபத்தில் இருக்கும் இனம். அரையடி வளரும், ஓடும் நீரும் கூட்டமும் வேண்டும். நான்கடிக்குக் குறைந்த தொட்டிக்கு அதைக் கொண்டுவரக் கூடாது.

*

எனக்கு மிகப் பிடித்தது செர்ரி பார்ப். இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்து ஓடைகளுக்கு மட்டுமே சொந்தமான மீன். களனி தொடங்கி நில்வளா ஆறுவரை, மர நிழல் விழும், இலை உதிர்ந்து கிடக்கும் ஆழமில்லாத நீரோடைகளில் இருக்கும். 1929ல் இலங்கை விலங்கியலாளர் தெரணியகல இதை விவரித்துப் பெயரிட்டார். தொட்டி வியாபாரத்துக்காகவே அங்கே அளவில்லாமல் பிடித்தார்கள். இன்று கடைக்கு வருவது பெரும்பாலும் பண்ணைக் குஞ்சுகள் என்பது ஆறுதல்.

ஐந்து செ.மீ.க்குள் வளர்ச்சி நின்றுவிடும், யாரையும் கடிக்காது. ஆனால் இதன் அழகைப் பார்க்க இரண்டு வாங்கினால் நடக்காது. ஆண் மீன் முழுச் சிவப்பாவது இன்னோர் ஆணின் எதிரில்தான். மூன்று நான்கு ஆண்கள் துடுப்பை விரித்து ஒன்றையொன்று வட்டமிடும்போது அந்தச் சிவப்பு ஏறுவதைப் பார்க்க வேண்டும்! அடிதடி கிடையாது, அழகைக் காட்டிக்கொள்வதோடு சரி. ஆணுக்கு இரண்டு பெண் என்ற கணக்கில் ஒன்பது பத்து வாங்கினால் பெண்களுக்கும் ஓய்வு கிடைக்கும். அடியில் கருநிற மணல், பின்பக்கம் அடர்த்தியாகச் செடி. தெருவோரப் பாதாம் மரத்தடியில் தானாக உதிர்ந்து காய்ந்த இலை இரண்டைக் கழுவிப் போட்டால் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும், மீன் வெளியே வரும்.

*

அடித்தளத்துக்குக் கோரிடோரஸ். இதையும் குப்பை பொறுக்கும் மீன் என்று சொல்லி ஒற்றையாக விற்கிறார்கள். மிச்சத்தை மட்டும் தின்று அது வாழாது. மூழ்கும் உணவை அதற்கென்று போட வேண்டும். ஆறு இருந்தால் வரிசையாக மணலை முகர்ந்துகொண்டே போகும். மீசைதான் அதற்குக் கண்ணும் மூக்கும், கூரான கல்லில் அது தேய்ந்துபோகும். அதனால் மென்மையான மணல். அவ்வப்போது மேலே பாய்ந்து ஒரு வாய் காற்று எடுத்துத் திரும்பும், பயப்பட வேண்டாம். நம் வெயிலுக்கு ஸ்டெர்பாய் வகை ஏற்றது, டிஸ்கஸ் வளர்க்கும் சூட்டிலேயே அது இருக்கும்.

*

என் தேர்வு. மென்மையான தண்ணீர் வருகிற வீடு: செர்ரி பார்ப் ஒன்பது, ஸ்டெர்பாய் ஆறு, ஹனி கௌராமி ஒன்று. கடினமான போர் தண்ணீர்: ஜீப்ரா டேனியோ எட்டு, ஆண் பிளாட்டி ஐந்து, போதும். டேனியோ கங்கைச் சமவெளியின் மீன், சூட்டிலும் குளிரிலும் அசராது. குதிக்கும், அதனால் மூடியோ வலையோ கட்டாயம்.

*

கடையில் நிற்கும்போது: மீன் துடுப்பை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு நிற்கிறதா, வெள்ளைப் புள்ளி இருக்கிறதா, வயிறு உள்வாங்கியிருக்கிறதா? அதே தொட்டியில் செத்த மீன் மிதந்தால் மற்றவை எவ்வளவு நன்றாக நீந்தினாலும் வாங்குவதில்லை. உணவு போட்டுக் காட்டச் சொல்லலாம், நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார்.

விடும் வரிசை: மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாக, அதை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் எல்லா மீனையும் விட்டால் நஞ்சில் சாகும். முதலில் டேனியோவோ பார்போ, அதிலும் பாதி. அம்மோனியா, நைட்ரைட் சோதனை இரண்டிலும் பூஜ்யம் தொடர்ந்து வந்தபின் மீதி. புதிதாக வாங்குவதை ஸ்பான்ஜ் ஃபில்டர் போட்ட தனி டப்பில் இரண்டு மூன்று வாரம் வைத்துப் பார்த்தபிறகே சேர்க்க வேண்டும். மணலில் பாசியும் நுண்ணுயிரும் படிந்தபின் கோரிடோரஸ். கௌராமி கடைசியில். முதலில் விட்டால் ஒரு மூலையைத் தனதென்று பிடித்துக்கொண்டு பின்னால் வருகிறவர்களை விரட்டும்.