எவ்வளவு எடுப்பது

சிறுவாச்சூரில் அத்தை வீட்டுத் திண்ணையில் ஆறு பேட்களைப் பரப்பி வைத்துக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலை முழுவதும் சும்மா உட்கார்ந்திருந்தேன். கம்பளியில் ஒன்று, மைக்ரோஃபைபரில் ஒன்று, ஃபோமில் நான்கு. மெஷின் பக்கத்தில் கிடந்தது. வேப்பமரத்து நிழலில் அப்பாவின் அம்பாசடர் நின்றது. செவ்வாய்க்கிழமைக்குக் காரணம் உண்டு. மதுரகாளியம்மன் கோயில் வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். அந்த இரண்டு நாட்களில் திருச்சி–சென்னை நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து வருகிற வண்டிகளால் ஊரில் நிற்க இடமிராது. மற்ற ஐந்து நாட்களும் ஊர் தன்பாட்டுக்கு இருக்கும். ஒரு காரியத்தை முதன்முதலாகச் செய்கிறவனுக்குப் பார்வையாளர்கள் இல்லாதிருப்பது நல்லது.

வண்டி 1984ம் வருஷத்தியது. மார்க் 4. கருநீலம். உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசடர் செய்வதை 2014ல் நிறுத்திவிட்டது. நிறம் மங்கி, தொட்டால் விரலில் மாவு போல ஒட்டுகிற நிலைக்கு வண்டி வந்திருந்தது. புதுப் பெயின்ட் அடித்துவிடலாம் என்றார் அண்ணன். பழசைச் சுரண்டிப் புதிதாக அடித்தால் அது வேறு வண்டி என்று எனக்குப் பட்டது. இதை அவரிடம் நிரூபிக்க முடியாது. பாலிஷ் போட்டுப் பார்க்கிறேன், பளபளப்பு வராவிட்டால் உங்கள் இஷ்டம் என்று சொல்லி வாங்கி வந்திருந்தேன். ஆகவே போதுமான அளவு பளபளக்கவும் வேண்டும்.

பாலிஷ் என்றால் எதையோ மேலே பூசுவது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். மெழுகு விஷயத்தில் அது சரி. பாலிஷ் என்பது எடுப்பது. பெயின்டில் கீறல் என்பது ஒரு பள்ளம். பள்ளத்தை நிரப்ப வழியில்லாததால் சுற்றியுள்ள மேட்டைப் பள்ளத்தின் அடிமட்டம்வரை தேய்த்து இறக்குகிறோம். மேற்பரப்பு சமமானதும் ஒளி சிதறாமல் திரும்புகிறது. அதற்குப் பளபளப்பு என்று பெயர். இப்போதைய கார்களில் நிறத்துக்கு மேல் தெளிபூச்சு ஒன்று உண்டு. அதன் தடிமன் 40, 50 மைக்ரான் அளவில்தான். ஒரு தலைமயிரைவிடக் குறைவு. அதில் சில மைக்ரான்களுக்கு மேல் எடுத்தால் வெயிலைத் தாங்கும் சக்தியும் போய்விடும். அப்பாவின் வண்டிக்கு அந்தத் தெளிபூச்சும் கிடையாது. மேலே இருப்பதே நிறம். எடுக்கிற ஒவ்வொரு துளியும் நிறம்.

இதை எனக்கு முதலில் கற்றுத்தந்தது ஒரு விபத்து. அப்பா இருந்தபோது ஒரு பட்டறையில் வண்டியை பஃபிங்குக்கு விட்டிருந்தார். ரோட்டரி மெஷின், கம்பளிப் பேட். ரோட்டரி தன் அச்சில் மட்டுமே சுழல்வது. ஒரே இடத்தில் நின்றால் சூடு சேர்ந்துகொண்டே போகும். விளிம்புகளில் பெயின்ட் மெல்லிசு, அழுத்தமோ அங்கேதான் முழுவதும் விழும். பானெட்டின் இடது விளிம்பில் கட்டைவிரல் அகலத்துக்கு நீலம் போய் செம்பழுப்பு பிரைமர் தெரிந்தது. அப்பா அந்த இடத்தை விரலால் ஒருமுறை தடவிவிட்டுப் பணத்தைக் கொடுத்தார். வழியில் அதைப்பற்றி ஒன்றும் பேசவில்லை. மீதி வண்டி அன்று கண்ணாடி மாதிரி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

எனவே நான் வாங்கியது இரட்டை இயக்க மெஷின். இதில் பேட் சுழல்வதோடு சற்று விலகிய வட்டத்தில் அலையவும் செய்கிறது. அதிகமாக அழுத்தினால் சுழற்சி நின்றுபோகும். ஆரம்பக்காரனின் ஆர்வத்தை மெஷினே கொஞ்சம் தடுத்துவிடுகிறது. ஆனால் எந்த பேட் என்பதை அது சொல்லாது.

பேட்களைப் பற்றி நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான். கம்பளி அதிகம் வெட்டும். மைக்ரோஃபைபர் அதற்கு அடுத்தது. இரண்டிலும் இழைகளே தேய்க்கின்றன. காம்பவுண்டில் உள்ள அலுமினியம் ஆக்ஸைடு துகள்களுக்கு அவை துணைபோகின்றன. வேலை சீக்கிரம் முடியும், ஆனால் மென்மையான பெயின்டில் தமக்கே உரிய மெல்லிய புகைச்சலை விட்டுப்போகும். அதைப் போக்க மறுபடி ஃபோம் வேண்டும். ஃபோமில் கடினமானது வெட்டும், நடுத்தரமானது சீராக்கும், மிக மெதுவானது மெருகு மட்டும் தரும். அதன் நிறத்தை நம்பக் கூடாது. ரூப்ஸ் என்கிற இத்தாலியக் கம்பெனியில் மஞ்சள், மெல்லிய வேலைக்கு. லேக் கன்ட்ரி என்கிற அமெரிக்கக் கம்பெனியின் பழைய வரிசையில் அதே மஞ்சள், வெட்டுவதற்கு. ஒருவரின் எச்சரிக்கை மற்றவரின் சமாதானம். அழுத்திப் பார்த்து, எவ்வளவு எதிர்க்கிறது என்று விரலால் அறிவதே மேல்.

அத்தை உள்ளேயிருந்து வந்து பார்த்தார்.

“ஏண்டா தம்பி, ஒரு வண்டி தொடைக்க இத்தனை பஞ்சா?”

“மருந்து ஒண்ணுதான் அத்தை. பஞ்சை மாத்தினா வேலை மாறுது.”

“மாவிளக்குக்கு இடிக்கறதும் அடைக்கு இடிக்கறதும் ஒரே அரிசிதான். சல்லடைதான் வேற.”

அவருக்கு இதில் யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கோயிலில் மாவிளக்குக்கு அரிசியை ஊறவைத்து அங்கேயே இடித்துப் போடுவது வழக்கம். ஐம்பது வருஷம் இடித்தவர். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் ஒரு சிட்டிகையை உருட்டிப் பார்த்து, கப்பி இருக்கிறது, இன்னும் சலி என்பார். திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு பேடாக அமுக்கிப் பார்த்தார். கம்பளியைத் தள்ளிவைத்தார். கறுப்பு ஃபோமைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

“இதுல தொடங்கு. போறலைன்னா முரட்டதுக்குப் போ. மொதல்லயே முரட்டது எடுத்தா திரும்பி வர முடியாது.”

மெஷின் பாலிஷ் பற்றி எழுதப்பட்டவையெல்லாம் முடிவில் சொல்வது இதைத்தான். மிக மென்மையான பேட், மிக மென்மையான மருந்து, இரண்டடிச் சதுரத்தில் ஒரு சோதனை. போதவில்லையென்றால் மட்டும் ஒருபடி மேலே.

மத்தியானம் வண்டியைக் கழுவி, களிமண் பசையால் ஒட்டுத்தூசி எடுத்து, கொட்டகைக்குள் நிறுத்தி டார்ச் அடித்துப் பார்த்தேன். விளக்கின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்திவலை மாதிரி வட்டவட்டமாகக் கோடுகள். அவை எனக்கு ரொம்ப நாள் பழக்கம். அப்பா வெள்ளிக்கிழமைதோறும் கோயிலிலிருந்து திரும்பியதும் தோளில் இருந்த துண்டை எடுத்து வண்டியை வட்டம்வட்டமாகத் துடைப்பார். தண்ணீர் ஊற்றமாட்டார். இந்தப் பக்கம் ஜல்லி உடைக்கும் ஆலைகள் உண்டு. சாலைத் தூசியில் குவார்ட்ஸ் கலந்திருக்கும். மோஸ் அளவையில் 7. பேனாக்கத்தியின் இரும்பு 5.5 அளவில்தான். ஆகவே அவர் ஒவ்வொரு வாரமும் அன்போடு கீறிக்கொண்டிருந்தார். அந்த வட்டங்கள் அவருடைய கையெழுத்து என்று நான் நம்பியிருந்தேன். புதுப் பெயின்ட் வேண்டாம் என்றதன் உண்மையான காரணமும் இதுவே. ஆனால் பாலிஷ் போடுவதும் அவற்றை அழிப்பதுதானே?

டார்ச்சை இடப்புறம் நகர்த்தினேன். வட்டங்களும் நகர்ந்தன. இன்னும் நகர்த்தினேன். விளக்கு போன இடமெல்லாம் அதைச் சுற்றியே வட்டம். கோடுகள் எல்லாத் திசையிலும் கலந்து கிடக்கின்றன. பிம்பத்தைச் சுற்றித் தொடுகோடாக அமைந்தவை மட்டுமே ஒளியைக் கண்ணுக்குத் திருப்புகின்றன. மற்றவை இருந்தும் தெரிவதில்லை. அப்பா எப்படித் துடைத்திருந்தாலும் நான் வட்டத்தைத்தான் பார்த்திருப்பேன். கீறல் அவருடையது. வட்டம் விளக்கினுடையது, நான் நிற்கிற இடத்தினுடையது.

கொஞ்ச நேரம் எதுவும் செய்யத் தோன்றவில்லை. பல வருஷங்களுக்கு முன் ஒரு நண்பர் கவிதை ஒன்றைப் பார்க்கக் கொடுத்தார். அதில் எனக்குக் கரடுமுரடாகப் பட்டதையெல்லாம் எடுத்தேன். முதல் வாசிப்பிலேயே கம்பளியைப் போட்டுவிட்டேன் என்று இப்போது சொல்லலாம். அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். அச்சில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதில் அவர் இல்லை. அந்தக் கரடுமுரடு அவர் எழுத்தில் இருந்ததா, நான் டார்ச் பிடித்த கோணத்தில் இருந்ததா என்று அன்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

புதன்கிழமை காலை வெயில் ஏறுமுன் ஆரம்பித்தேன். தகடு ஐந்து அங்குலம், பேட் ஐந்தரை. தகட்டின் விளிம்பு பெயின்டைத் தொடாதிருக்க பேட் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். தடித்த ஃபோம் மெஷினின் அசைவைத் தானே விழுங்கிவிடுவதால் மெல்லியதாகவே வாங்கியிருந்தேன். விளிம்புகளுக்கு டேப் ஒட்டினேன். டிக்கி மூடியில் இரண்டடிச் சதுரம். கறுப்பு பேடில் பட்டாணி அளவில் நாலு சொட்டு. குறுக்கே ஒருமுறை, நெடுக்கே ஒருமுறை, பாதிக்குப் பாதி மேலேறும்படி. துடைத்துப் பார்த்தேன். மங்கல் பாதி போயிருந்தது, அண்ணனுக்கு அது போதாது. வெள்ளைக்கு மாறினேன். நாலு சுற்றில் உள்ளிருந்து நீலம் எழுந்து வந்தது. நுண்ணிய கோடுகள் மறைந்தன. ஆழமானவை இருந்தன. ஆரஞ்சு போட்டால் அவற்றில் பாதி போகும் என்று தெரிந்தது. ஆரஞ்சைக் கையில் எடுத்து, திரும்ப வைத்தேன்.

பேடைத் திருப்பிப் பார்த்தபோது அது கருநீலமாக இருந்தது. தெளிபூச்சு உள்ள வண்டியில் இப்படித் தெரிந்தால் பூச்சு அறுந்துவிட்டது என்று பொருள். உடனே நிறுத்த வேண்டும். இந்த மாதிரிப் பழைய வண்டியில் இது இயல்பு. தெரிந்திருந்தும் கை நின்றது. ஒவ்வொரு சதுரத்துக்குப் பிறகும் பிரஷ்ஷால் பேடைச் சுத்தம் செய்ய வேண்டும். அடைந்த பேட் சூடேறி வெட்டாமல் தேய்க்கும். ஒரு வண்டிக்கு வெள்ளை ஒன்று போதாது என்பதைத் தாமதமாகக் கற்றேன். வாளியில் அலசி அலசி, காயவைத்து, வேலை வியாழன் சாயங்காலம் வரை போயிற்று. பானெட்டின் இடது விளிம்பைத் தொடவில்லை.

அத்தை வாளியை எட்டிப் பார்த்தார்.

“அண்ணன் வண்டியா இப்படிக் கரையுது?”

“ஆமாம் அத்தை.”

அவர் அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றவிடவில்லை. தானே தூக்கிப்போய் முருங்கை மரத்துக்கு அப்பால் வெறும் மண்ணில் ஊற்றினார்.

வெள்ளிக்கிழமை அண்ணன் கோயிலுக்கு வந்தார். வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். “முழுசாப் போகலையேடா” என்றார். போகவில்லை என்றேன். பானெட்டில் தன் முகத்தையும் பின்னால் வேப்பங்கிளையையும் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “சரி, அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்றார்.

தரிசனம் முடிந்து திரும்பியதும் அத்தை பானெட்டின் நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அதற்கு முன், காலையிலிருந்து படிந்த தூசியை முந்தானையால் பரபரவென்று துடைத்தார், வட்டமாக. மைக்ரோஃபைபர் துணி என் கையில்தான் இருந்தது. நான் கொடுக்கவில்லை.