முகப்பு விளக்கு

இரவில் ஓடும் வண்டிக்கு முகப்பு விளக்கே கண். கண்ணில் புரை படர்வது போலவே அவ்விளக்கின் மீதும் காலப்போக்கில் ஒரு மங்கல் படர்கின்றது. அது சிறிது சிறிதாக வளர்வதால், வண்டியை நாள்தோறும் ஓட்டுவோரும் அதனை எளிதில் உணர்வதில்லை.

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலை இராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களின் வழியே செல்கின்றது. தோல் பதனிடுதலுக்கும் காலணிகளுக்கும் பெயர் பெற்ற ஊர்கள் இவை. மாலையில் ஆலை விட்டதும், தொழிலாளர்கள் சாலையோரமாக வீடு திரும்புவதைப் பன்முறை கண்டிருக்கிறேன். இருள் சூழும் அவ்வேளையில் அவர்களுடைய உயிர், எதிர்வரும் வண்டியின் ஒளியை நம்பியுள்ளது. மங்கிப் பழுத்த விளக்கு, புதிய விளக்கு தரும் ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே தருகின்றது என்று 2018ஆம் ஆண்டில் ஏ.ஏ.ஏ. என்னும் அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கம் ஆராய்ந்து கூறியது.

இம்மங்கல் எதனால் உண்டாகின்றது? அம்பாசடர் போன்ற பழைய கார்களின் வட்ட விளக்கு கண்ணாடியால் ஆனது. அது கல் பட்டால் உடையும், ஆயினும் மஞ்சளாகாது. இக்காலக் கார்களின் விளக்கு மூடியோ பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. அது எடை குறைந்தது, எளிதில் உடையாதது. ஆனால் வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் அதனைச் சிதைத்து மஞ்சளாக்கும். அதனைத் தடுக்கவே அதன்மேல் மெல்லிய காப்புப் பூச்சு இடப்படுகின்றது. வேலூர் வட்டாரத்தின் கடும் வெயிலில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் வண்டியில் அப்பூச்சு தேய்ந்து உரிகின்றது. சாலைப் புழுதியும் மணலும் கீறல்களை உண்டாக்குகின்றன.

ஆம்பூரில் ஒரு பட்டறையில் இதனைச் சீர் செய்யும் முறையைக் கண்டேன். அங்கிருந்த பெரியவர் இளமையில் தோல் ஆலையில் பணி செய்தவர். முதலில் அவர் விளக்கைச் சோப்பு நீரால் கழுவினார். சுற்றியுள்ள வண்ணம் கெடாதவாறு நாடா ஒட்டினார். பின்பு 800 எண்ணுள்ள வாட்டர் பேப்பரை நீரில் நனைத்துத் தேய்த்தார். அடுத்து 1500, 2000, 3000 என்று மென்மை கூடிய தாள்களைக் கொண்டு முறையே தேய்த்தார். முதலில் விளக்கு முன்னினும் மோசமாகிப் பால் போல் வெளுத்தது. எனினும் ஒரு தாள் இட்ட கீறலை அடுத்த தாள் அழித்தது. இறுதியில் மெருகுப் பசையிட்டுத் துடைத்ததும் விளக்கு பளிச்சென்று தெளிந்தது.

வண்டிக்காரர் மகிழ்ந்து, "பாய், வேலை முடிந்தது அல்லவா? நான் புறப்படட்டுமா?" என்றார்.

"பொறுங்கள் தம்பி. தோலில் முள் கீறிய வடு இருந்தால் தேய்த்துச் சமன் செய்வோம். ஆனால் மேற்பூச்சு இடாமல் அனுப்புவோமா? அழுக்கோடு சேர்த்துப் பழைய காப்பையும் அல்லவா தேய்த்துவிட்டோம்!" என்றார் பெரியவர். பிறகு புற ஊதாக் கதிரைத் தாங்கும் பூச்சை மெல்லப் பூசி உலரவிட்டார்.

அவர் கூறியது முற்றும் உண்மை. பூச்சு இடாத விளக்கு சில மாதங்களிலேயே மீண்டும் மங்கும். பற்பசையால் தேய்ப்பதும் அத்தகைய நிலையாத பளபளப்பையே தரும். விளக்கின் உட்புறம் மங்கியிருந்தாலும் விரிசல் கண்டிருந்தாலும் தேய்த்துப் பயனில்லை. புதியது மாற்றுதலே தக்கது.

குறையை நீக்குதல் பாதி வேலை. அது மீளாமல் காத்தலே மறுபாதி. முதற்பாதி கண்ணுக்குத் தெரியும்; புகழும் பெறும். மறுபாதி தெரிவதில்லை, ஆதலின் பலர் அதனை விட்டுவிடுகின்றனர். வண்டிக்கு உரியவர் பொறுமையோடு செலவிடும் அந்தச் சிறு பொழுது, சாலையோரம் நடந்து செல்லும் முகமறியாத ஒருவரைப் பத்திரமாக வீடு சேர்க்கின்றது.