பனி காணும் பயணம்

சிங்கப்பூரில் கூதிர்காலத்தைக் கற்பிப்பது எளிதன்று. குறிஞ்சி நிலத்துக்குக் கூதிரும் முன்பனியும் உரிய பொழுதுகள் என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. ஆனால் இந்நாட்டின் மிக உயர்ந்த குன்றாகிய புக்கிட் தீமா ஏறத்தாழ 164 மீட்டர் உயரமே உடையது. நிலநடுக்கோட்டை ஒட்டிய இவ்வூருக்குக் குளிர்காலம் வருவதும் இல்லை. மார்கழி விடியலில் சிராங்கூன் சாலைக் கோயில்களுக்குச் செல்வோர் குடை எடுத்துச் செல்வார்களேயன்றிப் போர்வை எடுத்துச் செல்லார். பனி என்றவுடன் மாணவர் நினைவுக்கு வருவது குளிர்பெட்டியின் மேல்தட்டுதான்!

இக்குறையைத் தம் மகளளவிலேனும் போக்க எண்ணிய தமிழாசிரியர் ஒருவர், டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தைக் கேமரன் மலைக்கு அழைத்துச் செல்ல முடிவு செய்தார். தேக்காவில் கம்பளிச் சட்டைகள் வாங்கியாயிற்று. ஆசிரியரின் தாயார் மட்டும் முகம் சுளித்தார்.

“காசு கொடுத்தா குளிரப் போறீங்க?” என்றார்.

அவர் அந்த மலைத்தொடரில், தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். மணமாகிச் சிங்கப்பூருக்கு வந்தவர். 1885இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் கண்டு குறித்த மேட்டுநிலம் அது. 1929இல் ஜே. ஏ. ரசல் அங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டிச் சரிவுகளில் தேயிலை நட்டோருள் தமிழர் பலர். இருள் பிரியாத நேரத்துப் பெரட்டுக்கு, ஈர மண்ணில் வெறுங்காலுடன் நின்ற மக்களுக்குப் பனி எவ்வாறு இன்பப் பொருளாகும்? பேத்தியின் கெஞ்சலுக்காகவே பாட்டி உடன் புறப்பட்டார்.

தாப்பாவிலிருந்து ஏறும் சாலையின் வளைவுகளில் பேத்திக்குத் தலை சுற்றியது. பாட்டி எலுமிச்சம்பழத்தைக் கீறி முகரக் கொடுத்தார். ஆசிரியரோ விளக்கவுரை நிகழ்த்தியவண்ணம் வந்தார். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறு பாகை வெப்பம் குறையும். தானா ராத்தா 1,400 மீட்டருக்கும் மேலே உள்ளது. ஆகவே சிங்கப்பூரின் 27 பாகை அங்கே 18 ஆகிறது. சரிவில் ஏறும் ஈரக்காற்று குளிர்ந்து மூடுபனியாகிறது. இஃது உயரம் தரும் குளிர். ஆண்டு முழுவதும் உள்ளது. பிரிஞ்சாங்கில் தெண்டாயுதபாணி கோயில் இருப்பதால் குறிஞ்சித் தெய்வத்துக்கும் குறைவில்லை என்று சொல்லி அவர் மகிழ்ந்தார். குறிஞ்சிப் பூதான் இல்லை. பன்னீராண்டுக்கு ஒருமுறை அது பூப்பதைக் காண நீலகிரிக்கோ மூணாற்றுக்கோ செல்ல வேண்டும். வழியெங்கும் சரிவுகளை மறைத்து நிற்கும் நெகிழிக் கூரைக் காய்கறித் தோட்டங்கள் கண்ணை உறுத்தவே செய்கின்றன.

மறுநாள் விடியலில் விடுதியின் முன்னே எதிர்ப்பக்கத்து மலை மறைந்திருந்தது. மரங்களும் மறைந்தன, பின்னர் வேலியும் மறைந்தது. சிறுமி இரு கைகளையும் நீட்டிப் பனியைப் பிடிக்க முயன்று கூவிச் சிரித்தாள். அவள் வாயிலிருந்து புகைபோல் ஆவி வந்தது. அதற்கு ஒரு சிரிப்பு. பாட்டி தம் துண்டை அவிழ்த்து அவள் தலையில் சுற்றினார்.

“ஊதக்காத்து அடிக்குது கண்ணு. காதை மூடிக்கோ, கூதல் காதுவழியாத்தான் ஏறும்.”

ஆசிரியர் திரும்பிப் பார்த்தார். ஊதை என்றால் குளிர்காற்று, வழக்கொழிந்த சொல் என்று கரும்பலகையில் எத்தனை ஆண்டுகள் எழுதியிருப்பார்! கூதிருக்குப் பொருள் சொல்ல எத்தனை அகராதிகளைப் புரட்டியிருப்பார்! அச்சொற்களின் உறவினங்கள் அவர் வீட்டுச் சமையலறையிலேயே இருந்திருக்கின்றன. சிங்கப்பூரின் வெக்கையில் அவற்றுக்கு வேலை இல்லாததால் தாயார் சொல்லவில்லை, அவரும் கேட்டதில்லை.

“அம்மா, வேறென்ன சொல்வீர்கள்?” என்றார்.

பாட்டிக்கு அக்கேள்வி விளங்கவில்லை. வெயில் ஏறியதும் தேயிலைச் சரிவுக்கு நடந்தார்கள். வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்த தொழிலாளர்களே இன்று அங்கு மிகுதி. இருவர் பொறியைப் பிடித்துச் செடிகளின் மேல் நடந்துபோக, இலைகள் பைக்குள் பறந்தன. “முத்தலும் சேர்ந்தில்ல வருது!” என்று பாட்டி மனம் பொறாமல் வரப்பிலிருந்து இறங்கினார். ஒரு செடியில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிப் பேத்தியின் உள்ளங்கையில் வைத்தார். விரல்கள் தாமாகவே அடுத்த செடிக்குச் சென்றன.