கீச்சாங்குப்பத்துக் கரையில்

தஞ்சாவூரில் ரயில் ஏறினால் திருவாரூர், கீழ்வேளூர், சிக்கல் என்று ஒவ்வொன்றாகத் தாண்டி நாகப்பட்டினம் வந்து சேருகிறது. வழியெல்லாம் வயலும் வாய்க்காலும், கண்ணுக்குக் குளிர்ச்சி. சிக்கலில், கந்த சஷ்டியின்போது அன்னையிடம் வேல் வாங்கும் சிங்காரவேலருக்கு முகமெல்லாம் வியர்க்கும் என்பார்கள். "சூரனோட சண்டைன்னா சாமிக்கே வேர்க்குது, நாமெல்லாம் எம்மாத்திரம்?" என்றார் எதிர் சீட்டுப் பாட்டி.

நாகூர் தர்கா, வேளாங்கண்ணி என்று அந்தப் பக்கம் போகிறவர்கள்தான் அதிகம். நான் போனது கீச்சாங்குப்பத்துக்கு. சுனாமிக்குப் பிறகு அந்தக் கரையில் பெண்கள் எப்படி மனசைத் தேற்றிக்கொண்டார்கள் என்று நேரில் கேட்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடம் கிடையாது, பிள்ளைகள் கரையில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நம் நேரப்படி காலை ஆறரை மணிக்குச் சுமத்ராவுக்கு அருகே கடலுக்கடியில் பூகம்பம். இரண்டரை மணி நேரம் போல ஆவதற்குள் அலை இங்கே வந்துவிட்டது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம்.

ஊரிலிருந்து ஆட்டோவில் கடுவையாற்றுப் பாலத்தைத் தாண்டினால் அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம். விசைப்படகுகள் வரிசையாக நிற்கின்றன. ஐஸ் உடைக்கும் சத்தம், டீசல் வாடை, மீன் வாடை. இறந்தவர்களுக்கு நினைவிடம் கட்டியிருக்கிறார்கள். வருஷா வருஷம் அந்த நாளில் இந்தக் கரையோரம் முழுக்க ஜனங்கள் கடலில் பாலும் பூவும் விட்டு அழுகிறார்கள். அந்தக் கடலில்தான் மறுநாள் தொழிலுக்கும் போகிறார்கள்.

கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள், ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும், என்னை உட்காரச் சொல்லி நிழலில் சாக்கு விரித்தார். நான் கேள்வி எதுவும் கேட்கவில்லை. அவராகவே ஆரம்பித்தார்.

"அன்னிக்கு வந்தது அலையே இல்ல தங்கச்சி. கறுப்பா ஒரு சுவரு. ரெண்டு புள்ளைங்களையும் கையில புடிச்சிருந்தேன்..." கொஞ்ச நேரம் கருவாட்டைத் திருப்பிப் போட்டார். "ஆறு மாசம் கடல் பக்கம் திரும்பல. லாரி சத்தம் கேட்டா எந்திரிச்சு ஓடுவேன். குழாயில தண்ணி விழுந்தாலே நெஞ்சு அடிச்சுக்கும். படுத்தா, ஓடுற மாதிரியே காலு இழுக்கும்."

இதைத்தான் டாக்டர்கள் வேறு வார்த்தையில் சொல்கிறார்கள். ஆபத்து வரும்போது உடம்பு ஓடுவதற்குத் தயாராகிறது: இதயம் படபடக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தசைகள் முறுக்கேறுகின்றன. ஆபத்து போனதும் தணிய வேண்டும். பேரதிர்ச்சி அடைந்த சிலருக்கு அது தணிவதில்லை. ஆபத்து முடிந்துவிட்டது என்று புத்திக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியாது. "மறந்துடு, மனசைத் திடப்படுத்திக்கோ" என்று நாம் சொல்லும் ஆறுதல் அதனால்தான் எடுபடுவதில்லை. உடம்புக்குப் புரியும் பாஷை வேறு. மூச்சு அதில் ஒன்று. இதயத் துடிப்பை நாம் நினைத்தபடி குறைக்க முடியாது. ஆனால் மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட்டால் வேகஸ் என்ற நரம்பின் வழியாக இதயம் தானே நிதானப்படுகிறது.

"முகாமுல மூச்சுப் பயிற்சி சொல்லித் தரோம்னு வந்தாங்க" என்றார் அந்த அம்மாள். "வலை போச்சு, வூடு போச்சு, இதுல மூச்சு என்னாத்துக்குன்னு சிரிச்சோம். மூணாம் நாளு, மூச்சு விடுறப்பவே அழுகை வந்துச்சு. பக்கத்துல இருந்தவங்களும் அழுதாங்க. யாரும் எதுவும் கேக்கல. அன்னிக்கு ராத்திரி தூங்கினேன்."

இதில் நம்ப முடியாதது ஒன்றுமில்லை. சுனாமிக்கு எட்டு மாதத்துக்குப் பிறகு நாகை மாவட்டத்தில் ஐந்து முகாம்களில், அதிர்ச்சி நோய் கடுமையாக இருந்த 183 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்து, 2010-ல் வெளியாயிற்று. நாலு நாளில் மொத்தம் எட்டு மணி நேரப் பயிற்சி. பயம், கெட்ட கனவு, திடுக்கிடல் என்று 17 கேள்விகள். உச்ச மதிப்பெண் 85. ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது, மூச்சுப் பயிற்சி செய்தவர்களுக்குச் சராசரியாக 40 மதிப்பெண் குறைந்திருந்தது. இன்னும் பயிற்சி தொடங்காமல் காத்திருந்தவர்களுக்கு ஐந்துகூடக் குறையவில்லை. அந்தமானிலும், சுனாமி முடிந்து ஒரு மாதத்தில் 47 பேருக்கு ஒரு வாரம் யோகாசனமும் பிராணாயாமமும் கற்றுத்தந்ததில் பயமும் துக்கமும் தணிந்து தூக்கம் சீரானதாக 2007-ல் எழுதினார்கள்.

அந்தப் பயிற்சியில் முக்கியமானது உஜ்ஜாயி. தொண்டையை லேசாக இறுக்கி மூச்சு விடும்போது மெல்லிய இரைச்சல் வரும். கேட்டால் தூரத்துக் கடல் மாதிரியே இருக்கும்! கடல் இரைச்சலுக்கு நடுங்கியவர்கள், அதே மாதிரி ஓர் ஓசையைத் தங்கள் தொண்டையிலிருந்து எழுப்பித் தூங்கப் போயிருக்கிறார்கள்.

மூச்சு மட்டுமே எல்லாம் செய்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். வீடு வந்தது, தொழில் திரும்பியது, ஒன்றாக உட்கார்ந்து அழப் பக்கத்தில் ஆள் இருந்தது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டு, பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களுக்கு அரசே இலவசமாக மறு ஆபரேஷன் செய்து வைத்தது. இந்த அம்மாளும் செய்துகொண்டவர். பிறகு பிறந்த பெண் இப்போது நாகையில் நர்ஸிங் படிக்கிறாள். "அவ பொறந்தப்புறமும் ரெண்டு வருஷம், அவள கரைக்குக் கூட்டிட்டு வரல" என்றார்.

கரைக்கு வெகு தூரத்தில் இருக்கும் நமக்கும் இது வேண்டியதுதான். விபத்து, தீ, வெள்ளம், கஷ்டப் பிரசவம், கரு கலைந்த துக்கம் எல்லாம் உடம்பில் தங்கக்கூடியவை. செய்வது சுலபம். சாய்ந்து உட்கார்ந்து, மனசுக்குள் நாலு எண்ணி மூச்சை உள்ளே இழுங்கள். ஆறு எண்ணி வெளியே விடுங்கள். நிமிஷத்துக்கு ஆறு மூச்சு வரும். பாதம் தரையில் நன்றாகப் பதியட்டும். ஐந்து நிமிஷம், காலையும் படுக்கும் முன்பும். கண்ணை மூடினால் பயம் வருகிறதென்றால் திறந்தே வைத்துக்கொள்ளுங்கள். வேக வேகமாக மூச்சு விடும் பஸ்திரிகாவைக் கர்ப்பிணிகளும், ரத்த அழுத்தம், வலிப்பு, இதய நோய் உள்ளவர்களும் செய்யக் கூடாது.

அதிர்ச்சியில் இருப்பவரை, "என்ன நடந்துச்சு, முழுக்கச் சொல்லு" என்று துருவாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட மன முதலுதவிக் கையேடும் வற்புறுத்திப் பேச வைக்காதே என்றுதான் சொல்கிறது. வெந்நீர் வைத்துக் கொடுங்கள், இரண்டு வாய் சாதம் ஊட்டுங்கள், பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள். குழந்தையானால் படுக்கையை நனைக்கும், முந்தானையை விடாது, நடந்ததையே விளையாட்டாகத் திரும்பத் திரும்ப ஆடும். முகாம் பிள்ளைகள் 'சுனாமி வருது' என்று கத்தி ஓடி விளையாடினார்களாம். திட்டாதீர்கள், சாப்பாடும் தூக்கமும் தினமும் அதே வேளையில் நடக்கட்டும். ஒரு மாதமாகியும் தூக்கமோ பயமோ சரியாகாவிட்டாலும், உயிரை விடும் எண்ணம் ஒரு தடவை வந்தாலும், தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள். டெலி மனஸ் உதவிக்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது.

நாலு மணி போல ஒரு படகு வந்தது. ஏலக் குரல் எழும்பியது. அந்த அம்மாள் சாக்கை உதறி மடித்தார். "இரு தங்கச்சி, நெத்திலி வெல போயிரும்" என்று கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அலை கால் நனைக்கும் இடம் வரைக்கும் விறுவிறுவென்று நடந்து போனார்.