மணலில் இறங்குமுன்

நம்மிடம் ஓதிச் சென்ற பிள்ளைகளுள் சிலர் இன்று அமீரகத்தில் பிக்கப் வண்டி ஓட்டிப் பிழைக்கின்றனர். ஏறத்தாழ 6,50,000 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் ருபுஉல் காலிப் பாலைவனத்தின் ஓரம், லிவாப் பக்கம் அவர்களுக்கு வேலை. விடுமுறையில் ஊர் வரும்போது அவர்களிடம் கேட்டறியும் செய்திகளும் நாம் கிதாபுகளில் ஓதிக்கொடுக்கும் பயண ஒழுங்குகளும் ஒத்திருப்பதைக் கண்டு மகிழ்கிறோம். ஆயினும், “அல்லாஹ் பார்த்துக்கொள்வான்” என்று சொல்லி, விடுமுறை நாளில் ஒற்றை வண்டியில் மணலில் இறங்கும் இளைஞர்களும் உண்டு எனக் கேட்கும்போது கவலை மேலிடுகிறது.

யமன்வாசிகள் சிலர் கட்டுச்சாதமின்றி ஹஜ்ஜுக்குப் புறப்பட்டனர். தம்மைத் தவக்குல் வைத்தோர் என்று சொல்லிக்கொண்டு, மக்கா வந்ததும் மக்களிடம் கையேந்தினர். பயணத்துக்கு வேண்டியதைச் சேகரித்துக்கொள்ளப் பணிக்கும் அல்பகரா 197ஆம் வசனம் இதையொட்டி இறங்கியதாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரியில் பதிவாகியுள்ளது. ஆயத்தமின்றி வந்தவரின் சுமை பிறர் தலையில் விழுந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். பாலையில் சிக்கியவரைத் தேடிச் செல்பவரும் தம் உயிரைப் பணயம் வைத்தே செல்கிறார்.

ஆயத்தம் டயரில் தொடங்குகிறது. தார்ச்சாலையில் 35 பி.எஸ்.ஐ. அளவில் இருக்கும் காற்றை மணலில் 15 முதல் 18 வரை குறைக்கின்றனர். அப்போது டயர் நீளமாகப் படிந்து பாரத்தைப் பரப்பித் தாங்கும். ஒட்டகத்தின் அகன்ற பாதத்தில் அல்லாஹ் வைத்த தன்மையும் இதுவே. அளவுமீறிக் குறைத்தால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். குறைந்த காற்றோடு சாலையில் விரைந்தால் டயர் சூடேறி வெடிக்கக்கூடும். எனவே காற்றளவு பார்க்கும் கருவியும் சிறு கம்ப்ரஸரும் கட்டாயம் வேண்டும்.

மணலில் எஞ்சின் கடுமையாக உழைப்பதால் ரேடியேட்டர், ஃபேன் பெல்ட், ஏர் ஃபில்டர், பேட்டரி ஆகியவற்றை முன்னரே சோதித்தல் வேண்டும். பாரமானவற்றைத் தாழ்வாக வைத்துக் கட்ட வேண்டும். மேலே ஏற்றினால் சரிவில் வண்டி கவிழ்வது எளிது. மண்வெட்டியும், ஜாக்கி புதையாதிருக்க அதன்கீழ் வைக்கத் தடித்த பலகையும், இழுவைப் பட்டையும் உடனிருக்கட்டும். பட்டையைச் சேஸிஸில் பொருத்திய இழுவைக் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். டிரெய்லர் கோக்கும் உருண்டையில் மாட்டி இழுத்தால், அது முறிந்து பறந்து ஆளைக் கொன்றுவிடக்கூடும். தண்ணீர் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 5 லிட்டர். ஒருநாள் பயணமாயினும் இரண்டு நாளுக்குரியதை எடுத்துச் செல்வது நலம். உளூவுக்கு நீர் இல்லையெனில் தயம்மும் செய்ய மார்க்கம் இடமளிக்கிறது. தாகத்துக்கு அத்தகைய மாற்று இல்லை.

தனித்துப் பயணிப்பதன் தீங்கை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது புகாரியிலும், மூவர் பயணித்தால் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ளப் பணித்தது அபூதாவூதிலும் உள்ளன. தேர்ந்த ஓட்டுநர்களும் இவ்வாறே செய்கின்றனர். குறைந்தது இரண்டு வண்டிகளில் சென்று, வழியறிந்த ஒருவரின் சொல்லுக்குக் கட்டுப்படுகின்றனர். செல்லும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடம் சொல்லிவிட்டே புறப்படுகின்றனர். வண்டி புதைந்துவிட்டால் அதை விட்டு நடப்பதில்லை. வண்டி நிழல் தரும், தேடுவோர் கண்ணிலும் எளிதில் படும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததைத் திர்மிதியில் ஓதுகிறோம். காற்றைக் குறைப்பதும் தண்ணீரை ஏற்றுவதும் இக்காலத்தில் ஒட்டகத்தைக் கட்டுவதேயாகும். உடன் வருவோரின் உயிர் ஓட்டுநரின் கையில் உள்ள அமானிதம். பெற்றோரே, அங்குள்ள பிள்ளையிடம் “தொழுதாயா?” என்று கேட்பதோடு, “எத்தனை வண்டியில் போகிறீர்கள்? தண்ணீர் எடுத்தாயா?” என்றும் கேளுங்கள். இவற்றை முடித்தபின் பயண துஆவை ஓதிப் புறப்படட்டும். வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகள் அனைவரையும் நலமாக வீடு சேர்ப்பானாக! ஆமீன்.