எங்க வண்டி காத்து குடிச்ச கதை

பூனாவுல குப்பை கொட்ட ஆரம்பிச்சு 17 வருஷம் ஆச்சு. தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்கு ரயில் டிக்கெட் எடுக்கப் பார்த்தவங்களுக்குத் தெரியும், வெயிட்டிங் லிஸ்ட்தான் நமக்கு எழுதி வச்சது. அதனால எங்க வீட்ல கார்ங்கிறது ஆடம்பரம் இல்லை. சேலத்துல தனியா இருக்கிற அம்மாவைப் போய்ப் பார்க்கிற வழி அது. வண்டி 2006 மாடல் எஸ்டீம், 1298 சிசி, 16 வால்வு. 2007லயே தயாரிப்பை நிறுத்திட்டாங்க.

2024 தீபாவளிக்கு மூணு வாரம் இருக்கும்போது கூலன்ட் குறைய ஆரம்பிச்சுது. கசிவு இன்டேக் மேனிஃபோல்டுல. வெளியிலேர்ந்து வர்ற காத்தை நாலு சிலிண்டருக்கும் பிரிச்சு அனுப்புற அலுமினியக் குழாய்க் கொத்துதான் அது. இந்த இன்ஜின்ல கூலன்ட்டும் அது வழியாப் போகுது. எங்களுக்கு முன்னாடி வச்சிருந்த புண்ணியவான் வருஷக்கணக்கா குழாய்த் தண்ணியே ஊத்தியிருக்கார். உள்ளே அரிச்சு அரிச்சு ஓட்டையே விழுந்துடுச்சு.

கம்பெனி பார்ட் கிடைக்கலை. ஒர்க்‌ஷாப்காரர் ஒரு ஆஃப்டர்மார்க்கெட் மேனிஃபோல்டை வாங்கி மாட்டிக் குடுத்தார். கசிவு நின்னுச்சு. ஆனா புதுசா ஒரு வியாதி வந்துடுச்சு. 800 சொச்சம் இருக்க வேண்டிய ஐடிலிங் 1100க்கும் 1700க்கும் நடுவுல ஊஞ்சலாடுது. காலையில ஸ்டார்ட் பண்ணினா வண்டி குலுங்குது. சிக்னல்ல ரெண்டு தடவை பொசுக்குன்னு ஆஃப் ஆயிடுச்சு.

திருப்பி எடுத்துட்டுப் போனா, "இசிஎம் போயிருக்கும், இல்லேன்னா ஹெட் இறக்கணும்"னார். எஸ்டிமேட் 22,000 ரூபாய். தங்கமணி பணத்தைப் பத்திக் கேட்கவே இல்லை. "பிரேக் பிடிக்குமா? அதைச் சொல்லு, அப்புறம் தீபாவளியைப் பத்திப் பேசலாம்"னா.

கேள்வி ரொம்பச் சரி. பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவம் இந்த மேனிஃபோல்டுலேர்ந்துதான் போகுது. ஓடும்போது இன்ஜின் நின்னா பூஸ்டர்ல மிச்சம் இருக்கிறது ரெண்டு மூணு மிதிக்குத்தான். அதுக்கப்புறம் பெடல் கல்லாயிடும். காத்ரஜ் பக்கம் இறங்கும்போது, பின்சீட்ல குழந்தைங்களை வச்சுக்கிட்டு இதைச் சோதிச்சுப் பார்க்க முடியாது.

நான் படிச்சது மெக்கானிக்கல், பார்க்கிறது சாஃப்ட்வேர். சாஃப்ட்வேர்ல ஒரு பாலபாடம் உண்டு. நேத்து வரைக்கும் ஓடினது இன்னைக்கு ஓடலைன்னா, நேத்து எதைத் தொட்டோம்னு முதல்ல பாரு. இங்கே தொட்டது மேனிஃபோல்டு. இசிஎம்மை யாரும் தொடவே இல்லை.

எங்க வண்டியில காத்தை நேரா அளக்கிற மீட்டர் கிடையாது. மேனிஃபோல்டுக்குள்ள இருக்கிற அழுத்தத்தை வச்சுத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோல் குடுக்குது. எங்கேயாவது திருட்டுக் காத்து நுழைஞ்சா அழுத்தம் ஏறும், பெட்ரோலும் ஏறும், ஐடிலிங் எகிறும். கசிவு ஒரு சிலிண்டர் பக்கத்துல இருந்தா அந்தச் சிலிண்டருக்கு மட்டும் காத்து அதிகமாகி இன்ஜின் குலுங்கும். வேகமா ஓட்டும்போது மொத்தக் காத்துல இது கொசுறு மாதிரி ஆயிடறதால ஒண்ணும் தெரியாது. ஒர்க்‌ஷாப்காரரோட டெஸ்ட் டிரைவ்ல எல்லாம் நல்லா இருந்ததுக்குக் காரணம் இதுதான். ஊர்ல மெக்கானிக் "ஏர் இழுக்குது"ம்பார். இங்கே "ஹவா லே ரஹா ஹை". வியாதி ஒண்ணுதான் :-)

ஞாயித்துக்கிழமை, அபார்ட்மென்ட் பார்க்கிங். முதல்ல பிரேக். இன்ஜினை ஆஃப் பண்ணி, பெடல் கெட்டியாகிற வரைக்கும் நாலஞ்சு தடவை மிதிச்சு, காலை எடுக்காமலே ஸ்டார்ட் பண்ணினேன். பெடல் லேசா கீழே இறங்கிச்சு. பூஸ்டர் ஓகே. அடுத்து மேனிஃபோல்டுக்கு வர்ற ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொண்ணா துணி சுத்தின பிளையரால அமுக்கினேன். ஐடிலிங்ல ஒரு மாத்தமும் இல்லை. ஹோஸ்களும் ஓகே.

அப்புறம் துணி அயர்ன் பண்றப்ப தண்ணி தெளிக்கிற ஸ்ப்ரே பாட்டில். கார்ப் கிளீனர் அடிக்கிறவங்க உண்டு. சூடான இன்ஜின் மேல அது தீப்பிடிக்கிற சரக்கு, எனக்குத் தண்ணியே போதும். கேஸ்கட் ஓரமா மெல்ல அடிச்சுக்கிட்டே போனேன். நாலாவது சிலிண்டர் பக்கம் போனதும் 'சர்ர்'னு உறிஞ்சுற சத்தம் கேட்டுது, ஐடிலிங் சட்டுனு இறங்கிச்சு. மாட்டிக்கிட்டான் திருடன்!

இந்த இடத்துல போல்ட்டை இன்னும் இறுக்கலாம்னு கை பரபரக்கும். ஹெட் அலுமினியம், மரை போயிடும். அதனால கழட்டி, முகப்புல எஃகு ஸ்கேலை வச்சு ஃபீலர் கேஜ் விட்டேன். கோணல் 0.10 மி.மீ.க்குள்ள இருக்கணும். நாலாவது சிலிண்டர் ஓரத்துல 0.30 பிளேடு அலட்டிக்காம உள்ளே போச்சு. ஹெட் பக்கம் நல்ல சமம். ஆக, புது பார்ட்டே வளைஞ்சுதான் வந்திருக்கு.

போசரியில ஒரு மெஷின் ஷாப்ல முகப்பைச் சமமாச் சீவ 400 ரூபாய் வாங்கினாங்க. புது கேஸ்கட் போட்டேன், சீலன்ட் எதுவும் பூசலை. போல்ட்டுகளை நடுவுலேர்ந்து ஓரத்துக்கு, மூணு சுத்தா, டார்க் ரெஞ்ச் வச்சு இறுக்கினேன். கூலன்ட் ஊத்தி, ஹீட்டரைப் போட்டுவிட்டு, உள்ளே மாட்டின காத்தை வெளியேத்தினேன்.

வேக்குவம் கேஜ் 17 இன்ச் காட்டிச்சு. நெட்ல பார்த்தா 17லேர்ந்து 22ன்னு போட்டிருக்கும், அது கடல் மட்டத்துக்கு. 1000 அடிக்கு ஏறக்குறைய ஒரு இன்ச் குறையும். பூனா சுமார் 560 மீட்டர் உயரத்துல இருக்கு, அதாவது கிட்டத்தட்ட ரெண்டு இன்ச் கழிச்சுக்கணும். அப்படிப் பார்த்தா 17 நல்ல ஆரோக்கியம். முள்ளும் ஆடாம நின்னுச்சு. ஐடிலிங் 850.

பழைய வண்டிக்கு ஆஃப்டர்மார்க்கெட் பார்ட்டே கூடாதுன்னு சொல்ல வரலை, நமக்கு வேற கதி இல்லை. மாட்டுறதுக்கு முன்னாடி ஸ்கேலும் ஃபீலர் கேஜும் வச்சு அஞ்சு நிமிஷம் பாருங்க, இல்லேன்னா மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்க. புது பார்ட் போட்ட மறுநாள் வர்ற வியாதிக்கு, அந்தப் பார்ட்டைச் சந்தேகப்படாம இசிஎம் விலை சொன்னா, சாவியை வாங்கிட்டு வந்துடுங்க.

தங்கமணி பார்க்கிங்லயே நாலு ரவுண்டு ஓட்டி, பிரேக்கை மிதிச்சுப் பார்த்துட்டு, அம்மாவுக்கு அவளே போன் போட்டுட்டா: "வியாழக்கிழமை தீபாவளி, புதன்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்கு அங்கே இருப்போம் அத்தை."